மூல நட்சத்திரம் பாஸ்

ஜாதகத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத ராமகிருஷ்ணன், வேங்கிக்காலில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர் லைப்ரரி ஒன்றை எழுதி விற்றுக்கொண்டிருந்தார். பிசினஸில் நம்பிக்கை இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ஊரில் யார் எந்த ஜாதக ஆப்பைத் திறந்தாலும், உள்ளே கணக்குப் போடுவது பெரும்பாலும் அவருடைய நிரல்தான். கிரிவலப் பாதை ஜோசியர்களில் பாதிப் பேர்கூடக் கட்டத்தைப் போனில் பார்த்துத்தான் பேப்பரில் எழுதினார்கள்.

அந்த நிரலைப் பராமரிப்பவள் அபிநயா. அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றதும் அதே நிரல்தான். கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மாறனும் அவளும் காலேஜ் பஸ் காலத்திலிருந்து பழக்கம். எல்லாம் கூடி வந்த நேரத்தில், மாறனின் அம்மா காசியம்மாள் அவளுடைய பிறந்த நேரத்தைப் போனில் தட்டிப் பார்த்தாள். மூலம் என்று வந்தது. மூலத்துப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். மாமனார் கண்ணாயிரம் சர்க்கரை வியாதியோடு ஜிலேபி தின்கிறவர், டாக்டர் தலையில் அடித்துக்கொண்டும் பீடியை விடாதவர். அப்படிப்பட்டவர் உயிருக்கு அபிநயாவால்தான் ஆபத்து என்று முடிவாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று ஜோசியர்களிடம் போனார்கள். மூன்று பேரும் போனை எடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பேஸ்லைன் வேலை வந்தது. நிரலை வாங்கும் பெங்களூர் கம்பெனி, இனி எதை மாற்றினாலும் பழைய விடைகள் கெடவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டது. வேலை சுலபம். சிலருடைய பிறந்த விவரங்களைக் கொடுத்து, இன்றைக்கு என்ன விடை வருகிறதோ அதை அப்படியே பில்டு என்கிற சோதனை ஓட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். அது சரியா தப்பா என்று யாரும் கேட்கப்போவதில்லை. நாளைக்கு யாராவது நிரலில் கை வைத்தால், பில்டு புது விடையைப் பழைய விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, மாறினால் சிவப்பு. பிறந்த விவரங்களுக்கு வெளியே அலைவானேன் என்று ஆபீஸில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டாருடையதைக் கொடுத்தார்கள். ராமகிருஷ்ணன் தன் மகள் பூஜாவுடையதைக் கொடுத்தார். அபிநயா தன்னுடையதையே போட்டாள். எல்லாம் பச்சை.

அதற்கப்புறம்தான் அவள் நிரலை நிதானமாகப் படித்தாள். பிறந்த நேரத்திலிருந்து பிறந்த ஊரின் சூரிய நேரக் கணக்குக்காகக் கால் மணி நேரம்போல ஒரு தடவை கழிக்க வேண்டும். புண்ணியவான் எவனோ இரண்டு இடத்தில் கழித்து வைத்திருந்தான். முக்கால்வாசிப் பேருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கிய சற்று நேரத்தில் பிறந்தவர்கள் மட்டும் முந்தின நட்சத்திரத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். அபிநயா அப்படிப் பிறந்தவள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு பில்டை ஓட்டினாள். சிவப்பு விழுந்தது. இருந்த விடை மூலம், வந்த விடை பூராடம்.

ஒரு சிவப்பைப் பார்த்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. உடனே மாறனுக்குப் போன் போட்டாள், அவன் அம்மாவிடம் ஓடினான். காசியம்மாளா மசிவாள்? அந்த மெஷினை எழுதுகிறவளே அவள்தானே, வேண்டியதை எழுதிக்கொள்வாள், புது வெர்ஷன் ஊருக்கெல்லாம் வரட்டும், என் போனிலும் பூராடம் என்று வந்தால் மறுநாளே பூ வைக்க வருகிறேன் என்றாள். அபிநயாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பௌர்ணமிக்கு வெர்ஷன் வெளியாகிறது, இந்தத் திருத்தம் அதில் போய்விட்டால் போதும்.

சந்தோஷத்தில் அவள் கீழே இருந்த இன்னொரு சிவப்பைக் கவனிக்கவில்லை. ராமகிருஷ்ணன் கவனித்தார். அது பூஜாவுடையது. இருந்த விடை கேட்டை, வந்த விடை மூலம். கேட்டை மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். பூஜாவுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அண்ணனே கிடையாது. அப்பா இருந்தார், நல்ல ஆரோக்கியமாக இருந்தார். பத்திரிகையும் அடித்துப் பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று.

ராமகிருஷ்ணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஜாதகமே புளுகு என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மனுஷன் அன்றைக்குக் குரலைத் தணித்துப் பேசினார்.

"நான் நம்பலம்மா. ஆனா அவங்க வீட்ல நம்புறாங்களே. புது வெர்ஷன் வந்தா தட்டிப் பாக்காம இருப்பாங்களா?" என்றார். கண்ணாடியைக் கழற்றியபடி, "நீங்க கண்டுபுடிச்சதுதான் கரெக்ட். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியாக அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவரோ பாரத்தை மொத்தமாக அவள் மேல் சாய்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பூஜா பத்திரிகையோடு வந்தாள். கையில் மருதாணி போட்டுப் பார்த்த கறை. கண்டிப்பா வரணும்க்கா என்று எல்லோரிடமும் சொன்னதையே இவளிடமும் சொன்னாள். மூலம் என்று தெரிந்த அன்றைக்குக் காசியம்மாள் தன்னைப் பார்த்த பார்வை அபிநயாவுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பார்வை நாளைக்கு இந்தப் பெண் மேல் விழும். இதே போல எந்தெந்த ஊரிலோ, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் மேல்கூட விழும். ஒரு தப்பும் செய்யாமல் வந்த பழிச்சொல்லைத் தன் தலையிலிருந்து இறக்கி இன்னொருத்தி தலையில் ஏற்ற அவளுக்கு மனசு வரவில்லை. எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். பில்டு பச்சையானது. பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதாள்.

சாயங்காலம், அப்டேட்டோடு போகும் வெர்ஷன் குறிப்பு எழுதுகிற வேலையும் அவளிடமே வந்தது. பெங்களூர்க்காரர்கள் கேட்டபடி ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

பௌர்ணமியன்று மாறன் போன் பண்ணினான். மலை சுற்ற வந்திருந்தான் போலிருக்கிறது, பின்னால் ஒரே கூட்டச் சத்தம். திருத்தத்தை எடுத்துவிட்டதை அவனிடம் சொல்ல அவளுக்கு அதுவரை தைரியம் வந்திருக்கவில்லை.

"அம்மா அப்டேட் பண்ணிட்டாங்க அபி. இன்னும் மூலம்னுதான் வருது. முன்னாடியாவது லேசா டவுட்டு இருந்துச்சு. இப்ப 'ஒவ்வொரு விடையும் சரிபார்க்கப்பட்டது'னு அதுலயே போட்டிருக்காம், இனிமே பேச்சே இல்லன்றாங்க. அத எவன் எழுதினான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

"நான்தான்" என்றாள் அபிநயா.