கிளாரா அக்கா கடவுளைத் திட்டிய நாள்

கிளாரா அக்கா எதற்கெடுத்தாலும் ஜெபம் பண்ணுவாள். காரட் கசக்காமல் இருக்க ஒரு ஜெபம், பஸ் தனக்காக நிற்க ஒன்று, எதிர்வீட்டுக் கசாக்கியர் பசு நல்லபடியாகக் கன்று போட ஒன்று. கசாக்ஸ்தானில் எங்கள் ஊரான உஷ்தோபெயின் சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. அவள் காரட் சாலட் விற்பாள், நான் சோயாப்பாலைத் திரித்துச் செய்த கட்டி விற்பேன். எனக்கும் சேர்த்துத்தான் ஜெபிப்பாள். விற்காத நாளில் நான் அவளைத்தான் பிடிப்பேன். "என்னக்கா, இன்னைக்கு என் பேரை விட்டுட்டியா?"

அவள் புருஷன் அப்பொல்லோன் முப்பத்து நாலு வருஷம் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜெபவீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்.

"வானத்துக்கே கன்ட்ரோல் ரூம் நடத்துறவரு. அவருக்குப் போன் போட்டுக் காரட்டைப் பத்திப் பேசுறியே, நியாயமா?" என்பார்.

"பனிமூட்டத்துல நீ இன்ஜினோட மாட்டிக்கிட்டப்போ நான் ஜெபம் பண்ணலையா? மெக்கானிக் வந்தான்ல?"

"டிப்போவுல அனுப்புனாங்க, வந்தான்."

"டிப்போவுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்டி, வயர்லெஸ்ல!"

"அது வேலை செஞ்சுதே! அதுக்குத்தான் ஜெபம் பண்ணேன்."

அவ்வளவு கிண்டலும் சாப்பாட்டு மேஜை வரைக்கும்தான். அவள் ஆமென் சொல்லாமல் மனுஷன் கரண்டியைத் தொடமாட்டார். கேட்டால், சூடு ஆறட்டும் என்று இருந்தாராம்.

அக்டோபரில் ஒரு நாள், காரட்டை நூல் நூலாக அரிந்துகொண்டிருந்தவள் கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. "என்னக்கா, தூக்கமா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கியது, கால் இழுத்தது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததால் வேதப்புத்தகம் படிக்க முடியவில்லை.

முதல் நாள் சூப்பைப் பரிமாறிவிட்டு அப்பொல்லோன் வழக்கம்போலக் காத்திருந்தார். அவள் இடது கையால் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஜெபமும் இல்லை, ஆமெனும் இல்லை.

அவர் சந்தைக்கே வந்து என்னிடம் முறையிட்டார். "வெனேரா, எனக்குப் பயமா இருக்கு. உன் ஆண்டவர் லைனு கட்டாயிடுச்சான்னு அவகிட்ட கேட்டேன். ஆமான்னு தலையாட்டுறா. செருப்பைத் தூக்கி அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

"ஜெபவீட்டு ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?"

"வந்து பாடிட்டுத்தான் போனாங்க. செவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டா."

மறுநாளிலிருந்து அவரே வேதத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில்வே விதிமுறைப் புத்தகம் படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரி விடாமல்.

"இந்த ஆபிரகாம் எந்த ஊருன்னே கேக்காம மூட்டை கட்டிட்டாரே! எங்க டிப்போவுல இவருக்குத் தள்ளுவண்டிகூடக் குடுக்கமாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. வம்ச வரலாறு வந்தபோது மட்டும், "தாண்டு" என்றாள்.

"தாண்டுறதா? ஒரு விதியைத் தாண்டினா ரெண்டு வண்டி மோதும்."

பெயர்களையெல்லாம் ஸ்டேஷன் பெயர்போலக் கூவி வாசித்தார்.

குளிர்காலம் பாதி போனபோது வேதத்தில் சங்கீதங்கள் என்கிற பாட்டுகளுக்கு வந்து சேர்ந்தார். அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். வாசித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கிளாரா, இந்தப் பாட்டு எழுதுன ஆளு கடவுளையே நேருக்கு நேரா திட்டுறான். என்னை மறந்துட்டியா, இன்னும் எத்தனை நாளுக்குங்கிறான். இதுக்கெல்லாம் அனுமதி உண்டா?"

"உண்டு."

"அச்சுலயும் போட்டிருக்காங்களே! அப்போ நீ ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கே? என்னை முப்பத்தாறு வருஷமா ஒரு நாள் லீவு விடாம திட்டினே. அவருக்குக் கொஞ்சம் குடுத்தா என்ன?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே… நான் உம்மகிட்ட… மாளிகையா கேட்டேன்? அரியற கையை… எடுத்துக்கிட்டீரே. இடது கை… கண்ணுல படலையா?"

"சரியான கேள்வி. காலைப் பத்தியும் கேளு" என்றார் அப்பொல்லோன்.

"நீ சும்மா இரு! இது… எங்க ரெண்டு பேருக்குள்ள."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அழுதாள், திட்டினாள், சொல் கிடைக்காத இடத்தில் நல்ல கையால் மெத்தையைக் குத்தினாள். எனக்கு எழுந்து போகவும் தோன்றவில்லை, இருக்கவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் மூச்சு வாங்கிச் சொன்னாள், "நீர் இருக்கீரு. அது தெரியும். இல்லாட்டி யாரைத் திட்டுறேன்? நாளைக்கு ஒரு நாளைக்கு… பலம் குடும். நாளன்னைக்கு மறுபடி வர்றேன்."

பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "பசிக்குது" என்றாள்.

வசந்தத்தில் இருவருமாகச் சந்தைக்கு வந்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து உப்பும் மிளகாயும் சொல்வாள், அரிவது அவர். முதல் நாள் வாடிக்கைக்காரிகள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "இது காரட்டா, தண்டவாளத்துக்குக் கீழே போடுற கட்டையா?" என்றார்கள். கிளாரா அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே, வாங்குறவங்க பல்லைக் காப்பாத்தும்" என்று ஜெபித்தாள். சந்தையே சிரித்தது. அவருக்கு முகம் காரட்டைவிடச் சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். படியில் ஐஸ் வழுக்குகிறதாம், அதற்காகத்தான் வருகிறாராம். ஏப்ரலிலேயே ஐஸ் உருகிவிட்டது. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூனில் ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. நானும் கூடப் போனேன். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், கை இனி இவ்வளவுதான், இதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அவள் தலையாட்டினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அப்பொல்லோன் அவளுடைய அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அழுது முடித்ததும் அவள் ஜெபம் பண்ணினாள், டாக்டருக்காக.

"அந்தாளுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு!" என்றார் அப்பொல்லோன்.

"முகத்தைப் பார்த்தியா? எத்தனை பேர்கிட்ட… தினம் இதையே சொல்லணும், பாவம்."

அவர் டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சரி, நானும் ஜெபத்துல சேர்றேன். டாக்டருக்கு மட்டும்தான்" என்றார்.