சுருள்பாசியில் இல்லாத சத்து

ஒரியான் என் ஒரே தங்கை. இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டாள். அவற்றில் கிடைக்கும் பி-12 சத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி வளர்ப்பவள். பசுமைக்குடிலுக்குள் இரண்டு தொட்டி. காலையில் துணியில் வடித்து, சேமியா போலப் பிழிந்து, உலர்த்தி, சனிக்கிழமை பெஸனாஸ் ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோவேன்.

"மாத்திரை எதுக்குடி? பி-12 எல்லாம் இதுலயே இருக்கு" என்று அவளிடம் நான்தான் சொன்னேன். நாக்கூசாமல் சொன்னேன். அவளும் மாத்திரையை விட்டுவிட்டு தினமும் இதையே தின்றாள். இந்தப் பாசியில் இருப்பது பி-12 போலவே இருக்கும், ஆனால் மனித உடம்புக்கு உதவாது என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். நோட்டில் எழுதியும் வைத்தேன். ஆனால் சின்ன வயதிலிருந்து என்னை ஒன்றுக்கும் லாயக்கில்லாதவளாகப் பார்த்த தங்கை, "எங்கக்கா கை வச்சா அது மருந்து" என்று ஊரெல்லாம் பேசினாள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது.

போன வருஷம் கால் மரத்துப்போகிறது என்றாள். ரத்தப் பரிசோதனையில் பி-12 ஏராளம் என்று வந்தது. பொய்ச் சத்தையும் சேர்த்து எண்ணியிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் திராட்சைத் தோட்ட வேலையில் கொடி வெட்டும்போது கத்தரிக்கோலில் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டாள். கையுறை ரத்தத்தில் நனைந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, வலியே இல்லை. நகரத்து நரம்பு டாக்டர் வேறொரு பரிசோதனை செய்து, உண்மையான பி-12 உடம்பில் இல்லவே இல்லை என்று கண்டு, அதற்கு ஊசி போட ஆரம்பித்தார்.

"ஆறு மாசத்துல திரும்புற உணர்ச்சி திரும்பும். மிச்சத்துக்கு நான் பொறுப்பில்ல. பாசியே போதும்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"எங்கக்காதான். பாவம், அவளுக்கே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா குடுப்பாளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். தெரியாது என்று தலையாட்டினேன். அன்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் ஆறு மாசம் முடிந்தது. விரல்களில் உணர்ச்சி ஓரளவு திரும்பியது. பாதங்களில் திரும்பவில்லை, தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கிறாள். கொடி வெட்டும் வேலை போயிற்று. கடைசி ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்தோம். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, "அழாதக்கா, உன்மேல என்ன தப்பு?" என்றாள்.

அந்த ஆறுதலை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"அதுல இருக்கறது உடம்புக்கு உதவாத பி-12னு."

நின்றுவிட்டாள். "எப்போலருந்து?"

"தொட்டி கட்டறதுக்கு முன்னாடிலருந்து."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வாசல் படிக்கட்டில் தடுமாறினாள். ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தொடாத. விழுந்தா நானே எந்திரிச்சுக்கறேன்."

நான் மேல்படியிலேயே நின்றேன். கீழே இன்னும் ஒன்பது படி இருந்தது. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்து இறங்கினாள்.