பிஸ்கட் டின்னுக்குள் ஒரு கூட்டம்

ஷாமிலாவின் கலியாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்து டிவிசனில் யாரோ ஒருவருக்குக் கொரோனா. அவர் யார் யார் பக்கத்தில் இருந்தார் என்று சொல்ல ஆளில்லை. ஆகவே லயம் என்கிற வரிசை வீடுகள் எல்லாவற்றையும் மொத்தமாக மூடு. முதல் தடவைக்குத் தைத்த ரவிக்கை இரண்டாம் தடவைக்கு இறுகிவிட்டது. மூன்றாவதாக ஒரு வெள்ளிக்கிழமைக்கு முகூர்த்தம் வைத்தபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆட்கள் சொல்லாததைப் போன்களைச் சொல்ல வைக்கிறேன் பார் என்று கிளம்பிவிட்டாள்.

லிந்துலை பஜாரில் போன் திருத்தும் கடை அவளுடையது. புளூடூத்தை வைத்து, ஒரு போனுக்குப் பக்கத்தில் இன்னொரு போன் எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொள்ளும் செயலிகள் வந்திருந்தன. ஆனால் எல்லாம் புதுப் போன் கேட்டன. டிவிசனில் இருந்தவையோ கொழும்புக்கு வேலைக்குப் போன தம்பிமார் பாவித்துக் கழித்தவை; ரப்பர் பேண்ட் போட்டால்தான் சிலவற்றில் பேட்டரி நிற்கும். இணையத்தைக் குடைந்து, யாரும் திறந்து திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை அவள் பிடித்தாள். பழைய போனுக்கு ஒத்துவராததைக் கழற்றினாள், ஒட்டினாள், திட்டினாள், மறுபடி கழற்றினாள். கடைசியில் ஒருநாள் மேசைமேல் இரண்டு கிழட்டுப் போன்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சிணுங்கின. அவள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, சாமி வந்துவிட்டது என்று எதிர்க்கடை முதலாளி விபூதித் தட்டோடு ஓடி வந்தார்.

டிவிசன் முழுக்கப் போட்டுக் கொடுத்தாள். சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. மாத்தயா சிங்களவர்; அவரும் தனக்குத் தெரிந்த தமிழில் ஒத்துக்கொண்டார். "போன் சரியா சொன்னா, பக்கத்துல இருந்த ஆள் மட்டும் உள்ள. மத்த ஆள் எல்லாம் வேலைக்கு."

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பேச்சியம்மாவுக்குத் தொற்று என்று வந்தது. பேச்சியம்மா கொழுந்து பறிப்பவள், மாப்பிள்ளை விஜிதரனுக்கு அத்தை, லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் தனியாக இருப்பவள். ஆம்புலன்சில் ஏறும்போதும், "பாயசத்துல முந்திரியக் கொறைச்சிறாதீங்க" என்று கத்திவிட்டுத்தான் போனாள். போகுமுன் அவளுடைய போனை வாங்கி, தொற்று உறுதி என்று ஷாமிலா தட்டிவிட்டிருந்தாள்.

அவ்வளவுதான். லயம் லயமாகப் போன்கள் அலறின. மேல்லயம், கீழ்லயம், ஒன்று பாக்கியில்லை. 'தொற்றாளருக்கு மிக அருகில் நீண்ட நேரம் இருந்துள்ளீர்கள்.' ஷாமிலாவின் போனும் அலறியது. எல்லாரும் தத்தம் போனைத் தூக்கிக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்று, ஒரே நேரத்தில் அவளைத்தான் ஏசினார்கள். பி.எச்.ஐ. தலையைச் சொறிந்தார். "அப்ப டிவிசன் முழுக்க மூடணும், மிஸ்."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற காளியாயியின் போனை வாங்கி மணிக்கணக்கைப் பார்த்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு கலைந்ததிலிருந்து சாயந்தரம்வரை, ஒரு நிமிடம்கூட விடாமல், அந்தப் போன் பேச்சியம்மா போனோடு ஒட்டியே இருந்திருக்கிறது. தினமும்.

"ஏங்க்கா, நாள் முழுக்க பேச்சியம்மா மடியிலயா ஒக்காந்திருந்தீங்க?"

"அவ ஒரு நிரை, நான் ஒரு நிரை. அவ மொகத்தையே நான் பாக்கல!"

"அப்ப போன் எங்க இருந்துச்சு?"

"மலைக்கு யாருடி போன் கொண்டு போறா? மழையில நனைஞ்சா நீதானே திட்டுவ? பெரட்டு முடிஞ்சதும் எல்லாப் போனையும் பிஸ்கட் டின்னுல போட்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல வச்சிட்டுத்தானே போறோம்!"

ஷாமிலாவுக்கு முதலில் விக்கல் வந்தது, பிறகுதான் சிரிப்பு. ஆட்கள் மலையில் நிரைக்கு ஒருவராகப் பிரிந்து நின்று பறித்துக்கொண்டிருக்க, போன்கள் மட்டும் டின்னுக்குள் தோளோடு தோள் உரசிக் கூட்டம் போட்டிருக்கின்றன! அவள் சொல்லச் சொல்ல லயமே வெடித்துச் சிரித்தது. விஷயம் புரிந்ததும் பி.எச்.ஐ. சிரித்த சிரிப்பில் மாஸ்க் மூக்கிலிருந்து நழுவியது. மலைக்குப் போகிறவர்களின் போன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டின்னில் கிடந்த நேரத்தைக் கழித்தால் அவர்களில் யாரும் பேச்சியம்மா பக்கம் போகவேயில்லை. டிவிசன் தப்பியது. யாரோ தகரத்தைத் தட்டி ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது ரோட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டு விஜிதரன் கத்தினான். "ஷாமிலா, என் போனும் அடிச்சுச்சே! நான் எந்த மலைக்குப் போனேன்?"

தாளம் நின்றது. கோயில் பூசாரி கஜேந்திரன் மெதுவாகத் தன் போனையும் தூக்கிக் காட்டினார். ஷாமிலா தன்னுடையதைப் பார்த்தாள். அது டின்னைக் கண்ணாலும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் என்று காட்டியது. பனி கொட்டிய அந்தச் சாயந்தரம் அவர்கள் மூவரும் பேச்சியம்மாவின் அடுப்படியில் நெருக்கிக் குந்தி, கலியாணப் பேச்சில் பிளேன்டீ குடித்தது நினைவுக்கு வந்தது.

எல்லாம் டின் செய்த கோளாறு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமை கண்முன்னால் நின்றது. போனை பி.எச்.ஐ. பக்கம் திருப்பிப் பிடித்தாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். "மாத்தயா, எங்க மூணு பேரு போனும் சரியாத்தான் சொல்லுது. நாங்கதான் உள்ள போகணும்." சொன்ன கையோடு ஓவென்று அழுதாள்.

பதினான்கு நாள். மூடிக்கிடந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடம். மூவரும் சேர்ந்து. பி.எச்.ஐ. சொல்லி முடிக்கவில்லை, காளியாயி இடுப்பில் கையை வைத்தாள். "அடியே, எதுக்கு ஒப்பாரி? பொண்ணு உள்ள, மாப்பிள்ள உள்ள, பூசாரி உள்ள. வேற என்னடி வேணும்?"

எல்லாரும் பி.எச்.ஐ.யைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். "மூணு ஆள்னா கூட்டம் இல்லைதான். மாஸ்க் போடணும்."

வெள்ளிக்கிழமை டிவிசனே ரோட்டோரம் இடைவெளி விட்டு நின்று தப்படித்தது. பிதுங்கிய ரவிக்கையை ஊக்குக் குத்திச் சமாளித்து, ஷாமிலா உடைந்த ஜன்னலுக்கு உள்ளே நின்று தாலி வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேச்சியம்மா வீடியோவில் பாயசத்து முந்திரியை எண்ணிக்கொண்டிருந்தாள். காளியாயி நீளக் கம்பில் தொங்கவிட்டு ஜன்னல் வழியாக மொய்யை நீட்டினாள். திறந்து பார்த்தால் காலி பிஸ்கட் டின்.

"ரெண்டு பேரும் போன இதுல போட்டு மூடி வைங்க. இனி அது எதுக்கு?"

ஷாமிலா தன் போனைப் போட்டாள். விஜிதரன் தன்னுடையதைப் போட்டான். கஜேந்திரன் பூசாரி தொண்டையைச் செருமினார். பிறகு தன் போனையும் அதில் போட்டுவிட்டு, டின்னையும் பாயையும் எடுத்துக்கொண்டு கடைசி வகுப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.