குச்சியின் நாக்கு

எங்கள் ஒரே மகள் துரெப்புக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. சால்மன் மீன் கஞ்சியை வாயில் ஊற்றினால் அப்படியே வழிந்தது.

என் வீட்டுக்காரர் (பேரைச் சொல்ல மாட்டேன், எங்கள் ஐனு குலத்தில் எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?) அடுப்பு நெருப்பில் குடியிருக்கும் சாமியான அடுப்பம்மாவிடம் முறையிட உட்கார்ந்தார். சுருள் சுருளாகச் சீவிய வில்லோ மரக் குச்சியைக் காணிக்கையாகச் சாம்பலில் நட்டார். புதிதாகச் செதுக்கிய வேண்டுதல் குச்சியின் நுனியைத் தினைக்கள்ளில் தோய்த்துத் தோய்த்து நெருப்பில் சொட்டவிட்டார். மனுஷப் பேச்சு முன்னே பின்னே இருக்கும்; அந்தக் குச்சிதான் திருத்திச் சாமியிடம் சேர்க்கும். பேச்சென்றால் இவருக்குச் சொல்லவா வேண்டும்! அடுப்பம்மா உடுத்தும் ஆறடுக்கு உடையில் ஆரம்பித்து நீட்டி முழக்கினார். மிச்சக் கள்ளைக் குடித்தார், அதுதான் முறை.

"பாரு, இனி எல்லாம் சரியாயிடும்" என்று குச்சியைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

அது மல்லாந்து கிடந்தது. அடிப்பக்கம் மொழுமொழுவென்றிருந்தது. நுனிக்கு அடியில் நாக்கு வெட்டினால்தானே குச்சி பேசும்? வெட்டவே இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. பெண்கள் அதைத் தொடவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது. சொன்னால் மனுஷன் இடிந்துபோவார். சொல்லாவிட்டால்? துரெப் மூச்சுக்குத் திணறினாள்.

"ஏங்க, நாக்கு எங்க?"

"என்னடி உளர்றே?"

"திருப்பிப் பாருங்க! ஊரே மெச்சணும்னு மேல கரடியும் அலையுமா செதுக்கத் தெரிஞ்சுதே, நாக்க மறந்துட்டீங்களே, பாவி மனுஷா! ஒரு வார்த்தகூட போய்ச் சேரல!"

அவர் முகம் வெளுத்தது. கத்தியை எடுத்து நுனிக்கு அடியில் அம்புமுனை போலச் சின்னதாக வெட்டினார்.

"கள்ளு எடுடி."

"எங்க இருக்கு? முறைன்னு மொத்தத்தையும் குடிச்சாச்சே!"

ஜாடியைக் கவிழ்த்தேன், ஒன்றுமில்லை. கிண்ணத்தைச் சரித்தேன். ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு திரண்டது. ஒரு சொட்டு எவ்வளவு பேச்சைத் தாங்கும்?

அவர் குச்சியைத் தோய்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்தார். பிறகு தலை சாம்பலைத் தொடுமளவு குனிந்தார்.

"அம்மா... பிள்ளைய எங்ககிட்டயே விட்டுடு."

சொட்டு நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் துரெப்பின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம்.