ஏழாவது வீட்டு நட்சத்திரம்

மணி ஐந்தடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஹெர்டிஸ் தன் வீட்டு வாசற்படியில் நின்று பக்கத்து வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையது எட்டாவது வீடு. பக்கத்தில் சிக்னேயின் வீடு, ஏழாவது. படகுத்துறையை ஒட்டி நிற்கும் பதினான்கு வெள்ளை மர வீடுகளிலும், கடலைப் பார்த்த ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தேவாலய மணி அடித்ததும் முதல் வீடு விளக்கேற்றும். அதைப் பார்த்து இரண்டாவது, அதைப் பார்த்து மூன்றாவது என்று வெளிச்சம் நடந்து நடந்து, அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிய பதினான்காவது வீட்டில் போய் நிற்கும். நடுவில் யாரும் முந்தக் கூடாது, பிந்தவும் கூடாது. இந்த ஊரில் குடித்துவிட்டுப் பாதிரியாரின் காரை இடித்தவனையே மன்னித்திருக்கிறார்கள். வரிசையைக் கெடுத்தவளை மட்டும் மன்னித்ததில்லை.

ஒரே ஒரு வீட்டுக்கு விலக்கு உண்டு. அந்த வருஷம் கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடு. அங்கே நட்சத்திரம் ஏற்றப்படாது. மணி அடிப்பதற்கு முன், வரிசையில் அடுத்த வீட்டுக்காரி போய்த் தன் கையால் அதை இறக்கி, அடுத்த வருஷம் வரை தன் வீட்டில் வைத்திருக்க வேண்டும். பறிகொடுத்தவள் தானே இறக்கும்படி விடக்கூடாது. யார் ஏற்படுத்தியதோ தெரியாது, நல்ல மனசுள்ளவர்கள்தான் ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

சிக்னேயின் புருஷன் ஆஸ்முண்ட் கடலில் போய் இருபது நாள் ஆகிறது. உடல்கூடக் கிடைக்கவில்லை. போனது ஹெர்டிஸின் புருஷன் தோர்லைஃப் ஓட்டிய படகிலிருந்து. "நான் சுக்கான் பிடிச்சிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தேன், ஆளில்ல." போலீஸிடமும் பாதிரியாரிடமும் சிக்னேயிடமும் தோர்லைஃப் சொன்னது இவ்வளவுதான்.

மூன்றாம் நாள், உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த ஹெர்டிஸிடம் மட்டும் அவன் உண்மையைச் சொன்னான். வலை சிக்கிக்கொண்டது. அலை ஏறிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கப் போகுமுன் ஆஸ்முண்ட் படகோடு பிணைக்கும் இடுப்புக்கயிற்றை மாட்டப் போனபோது, நேரமில்லை, அப்படியே போ என்று விரட்டியது தோர்லைஃப்தான். இது வெளியே தெரிந்தால் உரிமம் போகும், படகு போகும், ஜெயிலுக்கும் போக நேரலாம். ஹெர்டிஸ் வாயை மூடிக்கொண்டாள். இருபது வருஷத் தோழியின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

"அடியே ஹெர்டிஸ், இன்னும் என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கிற?" ஒன்பதாவது வீட்டு பெர்கித் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். எழுபது வயது, தொண்டைக்கு மட்டும் வயதாகவில்லை. "போய் இறக்கிட்டு வா. ஊர் பூரா துறையில வந்து நிக்குது."

"போறேன் அக்கா."

"போறேன் போறேன்னு அரை மணி நேரமா சொல்ற. கால்ல ஆணியா அடிச்சிருக்கு?"

ஹெர்டிஸ் போனாள். கதவு திறந்தே இருந்தது. சிக்னே கோட்டைக் கழற்றாமல் மேசை அருகே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சதையே இல்லை. ஜன்னலுக்கு அடியில் ஸ்டூல் தயாராகப் போடப்பட்டிருந்தது.

"சிக்னே, இறக்க வந்திருக்கேன்டி."

"தொடாத."

ஹெர்டிஸின் கை பாதி தூரத்தில் நின்றது.

"உன் புருஷன வரச் சொல்லு. அவன் இறக்கட்டும்."

"இது பொம்பளைங்க செய்யறது..."

"ஆஸ்முண்ட கடைசியா பாத்தவன் அவன்தான். அவன் வரணும். வரலன்னா மணி அடிச்சு, ஆறாவது வீடு ஏத்தினதும் நானும் ஏத்திடுவேன். அப்புறம் துறையில இறங்கி, ஊரே பாக்க அவன்கிட்ட ஒரு கேள்வி கேப்பேன்."

ஹெர்டிஸ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடினாள். தோர்லைஃப் சமையலறையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். இந்த இருபது நாளாக அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லல. இங்க பாரு, நீ வந்து நட்சத்திரத்த இறக்கு. என்ன கேட்டாலும் போலீஸ்ல சொன்னதையே சொல்லு. ஒரு வார்த்த கூடக் கூடாது, குறையக் கூடாது. கேக்குதா?"

சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

மணி அடித்தது. தோர்லைஃப் எழுந்தான். இருவரும் வெளியே வந்தபோது முதல் நட்சத்திரம் எரிந்தது. கூட்டம் "ஓ" என்றது. இரண்டு, மூன்று. சிக்னேயின் வாசலில் கால் வைக்கும்போது நான்கு. சுடச்சுட வைனும் இஞ்சி பிஸ்கட்டுமாக நின்ற கூட்டம் தோர்லைஃபைப் பார்த்ததும் வழிவிட்டது. ஐந்து. ஆறு. அதோடு வெளிச்சம் நின்றுவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது.

உள்ளே தோர்லைஃப் ஸ்டூலில் ஏறினான். கொக்கியில் கை வைத்தான்.

"அன்னிக்கு அவன் எப்படி இருந்தான்?" என்றாள் சிக்னே.

"எப்பவும் போலத்தான்."

"என்னப் பத்தி எதுவும் சொன்னானா?"

"இல்ல."

சிக்னே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள சண்ட. 'நீ திரும்பி வராட்டிகூட எனக்கு நிம்மதிதான்'னு சொல்லித்தான் அனுப்பினேன். திரும்பிப் பாத்தேன், ஆளில்லன்னு நீ சொல்ற. வழுக்கி விழறவன் கத்த மாட்டானா? சத்தமே இல்லாம எப்படிப் போவான்? எனக்கு இது ஒண்ணு மட்டும் தெரியணும் தோர்லைஃப். அவனா குதிச்சானா?"

ஹெர்டிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் தோர்லைஃபைச் சந்தேகப்படவே இல்லை. இருபது நாளாகத் தன்னைத்தான் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு இந்த மேசையருகே உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்ல, இல்ல... வழுக்கித்தான்..." தோர்லைஃப் திணறினான்.

"நீ பாக்கலன்னியே?"

வெளியே யாரோ இருமினார்கள். "என்ன ஆச்சு உள்ள? ஹெர்டிஸ்!" என்று பெர்கித் கூப்பிடுவது கேட்டது. தோர்லைஃப் ஸ்டூலில் நின்றபடியே ஹெர்டிஸைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி பார்த்தான். அவள் தலையை ஆட்டினால் போதும், அவன் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவான். படகு தப்பும். வீடு தப்பும்.

"சொல்லிடு," என்றாள் ஹெர்டிஸ். "எல்லாத்தையும் சொல்லிடு."

தோர்லைஃப் நட்சத்திரத்தை விட்டுக் கையை எடுத்தான். "கயிறு மாட்டப் போனான். நான்தான் விடல. நேரமில்ல, போடான்னு கத்தினேன். சிரிச்சுக்கிட்டே ஏதோ திட்டிட்டுப் போனான். அலை வந்துச்சு. அவன் கத்தினான் சிக்னே. ரெண்டு தடவ கத்தினான்."

இந்த ரெண்டு தடவையை ஹெர்டிஸிடம்கூட அவன் சொல்லியிருக்கவில்லை.

"என்னன்னு கத்தினான்?"

"'கயிறு போடு'ன்னு. போட்டேன். ரெண்டாவது தடவ கைக்கு எட்டற மாதிரிதான் போட்டேன். நீந்தி வந்தான், அதப் பிடிக்கத்தான் வந்தான். அதுக்குள்ள அடுத்த அலை..."

"நீந்தி வந்தானா?"

"பேய் மாதிரி நீந்தினான்."

சிக்னேயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று ஹெர்டிஸுக்குத் தெரியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து, "நீந்தினானாமே, நீந்தினானாமே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹெர்டிஸ் கிட்டே போய் அவள் முதுகில் கை வைத்தாள். சிக்னே அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ இருபது நாளா தெரிஞ்சு வச்சிருந்த."

"ஆமா."

"நான் இப்படிக் கெடந்தத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு."

"ஆமா சிக்னே."

சிக்னே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இறங்கு," என்றாள் தோர்லைஃபிடம். அவன் இறங்கினான். அவளே ஸ்டூலில் ஏறி, அவளே கொக்கியைக் கழற்றி, நட்சத்திரத்தைத் தட்டையாக மடித்தாள். ஹெர்டிஸ் இரண்டு கையையும் நீட்டினாள். சிக்னே அதைக் கொடுக்கவில்லை. தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"போலீஸ்கிட்ட நீயா போறியா, நான் கூட்டிட்டுப் போகவா?"

"நானே போறேன்," என்றான் தோர்லைஃப்.

"உன் நட்சத்திரத்த ஏத்து ஹெர்டிஸ். ஊர் காத்திட்டிருக்கு."

ஹெர்டிஸ் தன் வீட்டுக்குப் போய் சுவிட்சைப் போட்டாள். எட்டாவது நட்சத்திரம் எரிந்தது. உடனே பெர்கித் வீட்டில் ஒன்பது. வெளிச்சம் மறுபடி நடக்கத் தொடங்கியது. கூட்டம் கைதட்டியது. ஏழாவது ஜன்னல் காலியாக இருப்பதைப் பார்த்து, எல்லாம் முறைப்படி நடந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே வந்த தோர்லைஃபின் கையில் ஒருவர் வைன் கோப்பையைத் திணித்தார். இன்னொருவர் தோளைத் தட்டி, "பாவம்பா, உனக்கும் எவ்வளவு கஷ்டம்," என்றார். அவன் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரி வீட்டுக்குப் போகும் மேட்டுப்பாதையில் ஏறினான்.