ஒரு நாள் வைத்த தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் நானும் என் மனைவியும் கண் மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டோம். பேருந்து மூன்றாவது நிறுத்தத்தை நெருங்கும்போது அவள் எழுந்துவிட்டாள்.

"அடுப்பை அணைச்சேனான்னு தெரியல."

"நீ அணைச்சதை நானே பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. எனக்கு ஞாபகம் இல்லையே."

இறங்கி, நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவள் அதன் முன் கொஞ்ச நேரம் நின்றாள். "என்னை நானே நம்ப முடியல," என்றாள், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் இப்படி ஆனதற்கு நான் காரணம். ஒன்பது வருடமாக அதைச் சொல்லவில்லை. வாய் வராதவனுக்குக் கையாவது வருமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய வரி: "ஒரு வீட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தது." அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் கதை சொல்பவன் எங்கோ தூரத்தில் நிற்கிறான். நான் குளியலறையில், கையில் குழாயோடு நின்றேன்.

இரண்டாவது: "அன்று மாநகராட்சித் தண்ணீரில் குளோரினை அதிகமாகக் கலந்திருந்தார்கள், அதனால்

அதுவும் உண்மைதான். ஆனால் அந்த 'அதனால்' என்னைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப் போய்விடுகிறது. பாதியில் நின்றதை நீங்கள் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

மூன்றாவதில் கணவனை மைத்துனனாக மாற்றினேன். நான்கு பக்கம் தடையில்லாமல் ஓடியது. அந்த மைத்துனன்மேல் எனக்கே கோபம் வந்தது. எவ்வளவு சௌகரியமான கோபம் என்று புரிந்ததும் கிழித்துப் போட்டேன்.

3

அவள் அப்போது குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாளுநர். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பொடித்து, குழந்தையின் எடைக்குத் தக்கபடி அளந்து, பொட்டலமாகவோ மருந்துத் தண்ணீராகவோ ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருடத்தில் ஒரு தவறு இல்லை. புதிதாக வரும் மருத்துவர்கள் அளவில் சந்தேகம் வந்தால் அவளைத்தான் போனில் கூப்பிடுவார்கள்.

வீட்டில் அந்த நிதானமெல்லாம் மீன்தொட்டிக்குப் போனது. கூடத்துச் சுவரோரம் நாலடி நீளத் தொட்டி. பதினொரு மீன்கள். மூத்தது உள்ளங்கை அகல ஏஞ்சல் மீன், ஏழு வயது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது முன்கண்ணாடிக்கு வந்துவிடும். நான் வந்தால் வராது.

சனிக்கிழமைதோறும் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றுவாள். அதற்கான தண்ணீர் வெள்ளிக்கிழமையே தயாராக வேண்டும். குளியலறை மூலையில் அதற்கென்றே ஒரு நீல டிரம். சோப்பு பட்ட கை அதில் படக் கூடாது. உள்ளே கோடு போட்ட அளவுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, குளோரினை முறிக்கும் மருந்தைச் சொட்டு எண்ணி விட்டு, காற்றுக் குழாயைப் போட்டு, ஒரு நாள் முழுக்க வைத்திருப்பாள். மறுநாள் டிரம்மிலும் தொட்டியிலும் வெப்பமானியை விட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்து வந்த பிறகுதான் ஊற்றுவாள்.

"மருந்து விட்டாச்சுல்ல, உடனே ஊத்த வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊத்தலாம். ஒரு நாள் வச்சா எனக்கு நிம்மதி."

(குளிக்கிற இடத்தில் டிரம் நின்றால் சண்டை வராதா என்று நீங்கள் கேட்கலாம். வரும். முழங்கை இடித்த போதெல்லாம் வந்தது. அதை விரித்து எழுதினால் எனக்குக் கொஞ்சம் நியாயம் சேர்ந்துவிடும் என்பதால் அடைப்புக்குள் வைத்திருக்கிறேன்.)

4

அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் காலை வேலை. என் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். மதிய ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோயிருந்தது. அக்கா தோளில் துண்டோடு வந்தாள்.

"டேய், ஒரு வாளித் தண்ணியாவது தேறுமா?"

"டிரம்ல இருக்குக்கா."

"அது மீனுக்கு வச்சதுன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே."

"மீன் நாள் பூரா குளிச்சுக்கிட்டுதான இருக்கு. நீ குளி."

அக்கா சிரித்தாள். அவள், அத்தான், பிறகு நான். டிரம் காலி. அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபோது குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அதே கோடுவரை ரொப்பினேன். காற்றுக் குழாயை உள்ளே போட்டேன். மருந்துச் சொட்டு விடவில்லை. குமிழிகள் கிளம்பின. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. உடைப்பைச் சரிசெய்ததும் குழாயைச் சுத்தம் செய்யக் குளோரினைக் கூட்டிப் போட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் மட்டும் நான்

மூன்று மணி நேரம் கழித்து அவள் வேலை முடிந்து வந்தாள். வெப்பமானியைப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஊற்றத் தொடங்கினாள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவள் முகம் வாடும். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை வரும். பதிலுக்கு நான் ஒன்று சொல்வேன். அந்தச் சின்னச் சங்கடத்துக்குச் சோம்பல்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் ஓடிப்போய் மருந்தை எடுத்து வந்து தொட்டியிலேயே ஊற்றினாள். இருட்டுவதற்குள் ஒன்பது போய்விட்டன. ஏஞ்சல் மீன் கடைசி.

"நேத்து சொட்டு விட்டேனா?" என்று கேட்டாள். "விட்ட மாதிரிதான் இருக்கு. விட்டேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: முந்தின நாள் மாலை அவள் உதடசைத்து எண்ணிக்கொண்டே சொட்டு விட்டதை, முகம் கழுவப் போன நான் நின்று பார்த்தேன். இதை அடியில் பொடி எழுத்தில் போடுவது இன்னொரு ஒளிதல். அதனால் இங்கேயே.)

5

மீன்களோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மிச்சமிருந்த இரண்டையும் மீன் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து மருத்துவமனையில் எதையும் இரண்டு முறை அளக்க ஆரம்பித்தாள். பிறகு மூன்று முறை. பிறகு அளந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஜன்னலுக்கு வெளியே குழந்தைகளோடு வரிசை நீண்டது. நாலாவது மாதம், தானே எழுதிக் கொடுத்துக் கிடங்குப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அட்டைப் பெட்டிகளை எண்ணும் வேலை.

"அங்க நான் மறந்தா யாரும் சாக மாட்டாங்க," என்றாள்.

தலைமை மருத்துவர் வீடு தேடி வந்து, திரும்பி வரும்படி கேட்டார். "அன்னிக்கு மீன். நாளைக்குக் குழந்தையா இருந்தா, சார்?" என்றாள். நான் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

முதல் நாளே சொல்லியிருந்தால் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். அதற்குப் பிறகு, ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது வருடா வருடம் கனத்துக்கொண்டே போனது.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள், "எனக்கு அப்பவே தெரியும்," என்கிறாள். இது என்னை ரொம்பச் சுலபமாக விட்டுவிடுகிறது. இன்னொன்றில் கூடத்தில் புதுத் தொட்டி. இருவரும் சேர்ந்து தண்ணீர் பிடிக்கிறார்கள். எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

அதனால் முதல் ஐந்து பகுதிகளை மட்டும் இன்று காலை அவளிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை எப்போதும் அவள்தான் முதலில் படிப்பாள், பென்சிலோடு. மூன்றாம் பகுதியில் 'பதினாறு வருடம்' என்பதை அடித்துப் 'பதினேழு' ஆக்கினாள். நான்காம் பகுதியில் பென்சிலைக் கீழே வைத்தாள். கடைசிவரை படித்துவிட்டு, மறுபடி நான்காம் பகுதிக்குப் போனாள்.

"இது கதையா?"

"இல்ல."

"அப்ப நான் சொட்டு விட்டிருக்கேன்."

"விட்ட. நான் பாத்தேன்."

"எத்தன சொட்டு?"

"தெரியல. நீ எண்ணிக்கிட்டிருந்த."

தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். அவசரமே இல்லாமல் அடுக்கினாள்.

"டாக்டர் வந்தப்ப நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

7

கதவு சாத்தி ஒரு மணி நேரம் ஆகிறது. இந்தப் பகுதியை வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. பெட்டி இழுக்கும் சத்தமும் இல்லை. ஒருமுறை போனில் யாரிடமோ பேசினாள். வார்த்தைகள் காதில் விழவில்லை. தலைமை மருத்துவராக இருக்கலாம். அக்காவாக இருக்கலாம். (பார்த்தீர்களா, அதற்குள் கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டேன்.)

இதற்குமேல் நான் எழுதினால், அவள் என்ன செய்தாள் என்பதையும் நானே தீர்மானித்ததாகிவிடும். ஒன்பது வருடம் அப்படித்தான் செய்தேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் திங்கட்கிழமை மறுபடி மருந்து அளக்கப் போகிறாள் என்று எழுதுங்கள். என்னை விட்டுப் போகிறாள் என்று எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே நடந்தாலும் மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

மன்னித்துவிட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வரி உங்களுடையதும் இல்லை.