டெஸ்டர் எரியவில்லை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் என் வீட்டுக்கு ஒயரிங் வேலைக்கு வந்தவர், ஏணியில் நின்றபடி ஒரு பழைய ஜிப்ஸி ஜீப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெட்ரோல் எஞ்சின் பின்சக்கரங்களை ஓட்டுமாம். முன்சக்கரங்களுக்குத் தனியாக ஒரு மோட்டார், அதற்கு பேட்டரி, வீட்டு பிளக்கில் செருகி சார்ஜ். எல்லாம் அவரே கட்டுகிறார். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் கிராம நர்ஸான மனைவி வேலைக்குப் போக வேண்டுமே, அதற்காக. அவருக்கு ராஜவேல் என்று பெயர் வைக்கிறேன். மனைவிக்கு பிரிசில்லா. ஊர் குமராட்சி.

2

முதல் தொடக்கம்: 'இடுப்பளவு வெள்ளத்தில், தடுப்பூசிப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பிரிசில்லா...'

வேண்டாம். வெள்ளத்தில் தொடங்கினால் நீங்கள் வெள்ளத்துக்குத்தான் பயப்படுவீர்கள்.

இரண்டாவது: சர்ச்சிலிருந்து வந்த பிரிசில்லா இன்னும் சேலைகூட மாற்றவில்லை. "மெயின்கிட்ட நில்லு புள்ள" என்றான் ராஜவேல்.

இது தேவலை. [ஒயரிங்காரர்கள் மெயினை அணைத்துவிட்டு, தெரியாமல் யாரும் போட்டுவிடாதபடி அங்கே ஒரு ஆளை நிறுத்துவார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக இந்த வீட்டில் அந்த ஆள் பிரிசில்லாதான். இன்னொரு விதியும் உண்டு: கம்பியில் கை வைத்திருப்பவனைக் கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டால் கை எதில் போய்ப் படும் என்று சொல்ல முடியாது.]

3

ஜிப்ஸியின் பின்கதவு திறந்திருந்தது. கடலூர் பார்சல் ஆபீசிலிருந்து ஏற்றி வந்த முப்பது செல்களையும் செம்புப் பட்டைகளால் இணைத்தாயிற்று. மொத்தம் தொண்ணூற்றாறு வோல்ட். பேட்டரிப் பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு சுவிட்ச். அதை அணைத்துவிட்டு, உள்ளபடியே அணைந்ததா என்று கேபிளின் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை.

"செத்துக் கெடக்குது பாரு" என்று சொல்லி கிளவுஸைக் கழற்றினான்.

"கழட்டாத மாமா."

"வேர்வையில வழுக்குது புள்ள. இருவது வருஷமா இந்த டெஸ்டர நம்பித்தான் சோறு துன்றோம். எரியலன்னா கரண்ட் இல்ல." கழற்றிய கிளவுஸை ஓரமாக வைத்தான். "மழைக்குள்ள வண்டி ரெடியாவணும். போன வருஷம் மாதிரி உன்ன தண்ணியில அனுப்பிட்டு நா இங்க உக்காந்துனு இருக்க முடியாது."

பிரிசில்லாவின் கை மெயின் மேலேயே இருந்தது. மெயின் அணைந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கு மெயின் ஏது?

அப்போதுதான் வெள்ளிக்கிழமை மினிபஸ்ஸில் போகும்போது வந்த போன் நினைவுக்கு வந்தது. செல் விற்றவர். "அண்ணன்கிட்ட சொல்லிடும்மா. பேட்டரி லைன்ல கரண்ட் இருந்தாலும் டெஸ்டர் எரியாது. மீட்டர் வெச்சுத்தான் பாக்கணும்." ஹாரன் சத்தத்தில் "சொல்றேண்ணா" என்றவள், மறந்தே போனாள்.

ராஜவேல் ஈரக் கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டு குனிந்துவிட்டான். கூப்பிட்டால் திடுக்கிடுவான். கூப்பிடாவிட்டால்—

4

முடிவு ஒன்று: சுவிட்ச் சரியாகத்தான் அணைந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. அவன் சிரிக்கிறான். (அடுத்த தடவையும் டெஸ்டரையே நம்புவான். இதை எப்படி நல்ல முடிவு என்பது?)

முடிவு இரண்டு: சுவிட்ச் அணைத்தும் அணையாமல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில்

நாலு முறை எழுதினேன். நாலு முறையும் இங்கேயே நின்றுவிட்டேன்.

5

பிரிசில்லா மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். பத்து ஊர்க் குழந்தைகளின் ஊசித் தேதியை மனப்பாடமாக வைத்திருக்கிற நர்ஸ் இதை மறப்பாளா? மாட்டாள். அவளுக்கு எந்த போனும் வரவில்லை. தெரிந்தும் சொல்லாதவன் நான்.

புதன்கிழமை என் வீட்டு வேலையை முடித்தவர், டெஸ்டரை ஆட்டிக் காட்டி, "இது எரியலன்னா கரண்ட் இல்ல சார். ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் செல்ல சேத்துடுவேன். வூட்ல மெயின்கிட்ட நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் இந்த வண்டியை வைத்து ஏதாவது எழுதலாமே என்று படித்துக்கொண்டிருந்தபோதுதான் டெஸ்டர் விஷயம் தெரிந்தது. உடனே போன் செய்திருக்கலாம். ஒயரிங்காரருக்கே கரண்டைப் பற்றி நான் பாடம் எடுப்பதா என்று கூச்சம். கூச்சம் பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன்: கதை நன்றாக வரும் போலிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

6

இன்று ஞாயிறு. மணி பதினொன்றே கால். சர்ச் முடிந்திருக்கும்.

அவருடைய நம்பர் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன். போனை எப்போதும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். ரிங் டோன் ஊரையே கூட்டும். என் வீட்டில் அது அடித்தபோது நானே தூக்கிவாரிப்போட்டு எழுந்தேன்.

அவர் கை இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அடிக்கவா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.